பதின்வயதில் கெரட்டோகோனஸ்: எதை முதலில் செய்வது

கண்ணாடி பவர் அடிக்கடி மாறுகிறது, அதுவும் சிலிண்டர் பவர், அதாவது கருவிழியின் சீரற்ற வளைவுக்கான பவர், ஏறிக்கொண்டே போகிறது, புதுக் கண்ணாடி போட்டும் எழுத்து இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று பிள்ளை சொன்னால் கண்ணாடிக் கடையை மாற்றிப் பயனில்லை. கருவிழி டோபோகிராபி, அதாவது கருவிழியின் வளைவை அளக்கிற ஸ்கேன், எடுத்துப் பாருங்கள். கருவிழி மெலிந்து கூம்பாக முன்னால் பிதுங்குவதுதான் கெரட்டோகோனஸ், ஆரம்பத்தில் சாதாரணப் பரிசோதனையில் இது சிக்காமல் போகலாம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிற பிள்ளையா? ஸ்கேனுக்கு எத்தனை நாள் முன்பே அதைக் கழற்றி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அளவு தப்பாக வரும்.

நோய் தெரிந்த அன்றைக்கே நிறுத்த வேண்டியது கண் கசக்குவதை. விரல் முட்டியை வைத்து அழுத்தித் தேய்க்கிற பிள்ளைகள் உண்டே, அதுதான் மோசம். 'கசக்காதே' என்று கத்துவதால் மட்டும் நிற்காது. அரிப்புக்குக் காரணமான அலர்ஜிக்குச் சொட்டு மருந்து வாங்கி ஒழுங்காகப் போடுங்கள், அரித்தால் குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். ஸ்டீராய்டு சொட்டை மட்டும் டாக்டர் சொல்லாமல் தொடராதீர்கள், கண் அழுத்தம் ஏறிவிடும்.

அடுத்தது கிராஸ்லிங்கிங், அதாவது கருவிழியை உறுதியாக்கி நோய் முற்றாமல் நிறுத்தும் சிகிச்சை. பெரியவர்களுக்கு 'கொஞ்ச நாள் பார்ப்போம்' என்பது சரி, பதின்வயதில் நோய் வேகமாக ஓடும், அதனால் பல டாக்டர்கள் முற்றுகிறதா என்று காத்திருக்காமலே செய்துவிடுகிறார்கள். என் கருத்தும் அதுதான், பரீட்சை முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் போன பார்வை அப்படியே திரும்பாது. முறை இதுதான்: கண்ணை மரத்துப்போக வைத்து, கருவிழியின் மேல்தோலை நீக்கி, ரைபோஃப்ளேவின் சொட்டு, அதாவது வைட்டமின் பி2, விட்டு ஊறவைத்து, புற ஊதா ஒளி காட்டுவார்கள். பழைய முறையில் ஒளி மட்டும் 30 நிமிடம், வேகமான முறைகளும் உண்டு. பழைய முறைக்குக் கருவிழி குறைந்தது 400 மைக்ரான் தடிமன் இருக்க வேண்டும், தாமதித்தால் மெலிந்து அந்த வாய்ப்பும் நழுவலாம்.

இதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகவே வலிக்கும், கண்ணில் தண்ணீர் கொட்டும், வெளிச்சம் பார்க்க முடியாது. மேலே ஒரு பேண்டேஜ் லென்ஸ் இருக்கும், அதைப் பிடுங்கக் கூடாது. ஓரிரு மாதம் பார்வை முன்னைவிட மங்கலாகக்கூட இருக்கலாம். ஆனால் அந்த முதல் வாரத்தில் வலி குறையாமல் கூடினால், சீழ் வந்தால், உடனே டாக்டரிடம் போங்கள், தொற்றாக இருக்கலாம்.

கிராஸ்லிங்கிங் நோயை நிறுத்தத்தான், கண்ணாடியைக் கழற்ற அல்ல. பார்வைக்கு அப்புறம் கண்ணாடி, அது போதாவிட்டால் ஆர்ஜிபி, அதாவது காற்றுப் புகும் கடினமான கான்டாக்ட் லென்ஸ், அல்லது ஸ்க்ளீரல் லென்ஸ். ஸ்க்ளீரல் பெரிதாக இருந்தாலும் வெள்ளை விழியில் உட்காருவதால் உறுத்தல் குறைவு. கண்ணாடியைக் கழற்றச் செய்கிற லாசிக் லேசர் அறுவை வேண்டவே வேண்டாம், மெலிந்த கருவிழியை இன்னும் மெலிய வைக்கும். ரொம்ப முற்றியவர்களுக்குத்தான் கருவிழி மாற்று அறுவை.

செய்தாயிற்று என்று ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். சிறுவயதினருக்குச் சில சமயம் மறுபடியும் முற்றும். பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப் போங்கள், ஒப்பிட அவைதான் வேண்டும். கூடப் பிறந்தவர்களுக்கும் ஒரு டோபோகிராபி எடுத்துவிடுங்கள்.