வடக்கே போய் எழுதுவது எப்படி: பூர்வகுடி ஊர்களில் ஃப்ரீலான்ஸ் வேலை

கனடாவின் வடக்குப் பக்கம் போய் எழுத ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது எந்தக் கேமரா வாங்கலாம் என்பதுதான். கேமராவை விடுங்கள், டிக்கெட் விலையைப் பாருங்கள். நான் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்துத் தண்டர் பேயிலிருந்து சாலையே இல்லாத ஓர் ஓஜி-கிரீ பூர்வகுடி ஊருக்குப் போய்வர ஆகும் செலவோடு கொஞ்சம் சேர்த்துப் போட்டால் சென்னைக்கே போய்வந்துவிடலாம். இன்னும் வடக்கே இருக்கும் நுனாவுட் ஆட்சிப்பகுதியின் கடைக்கோடி ஊர் என்றால் சேர்த்துப் போடவே வேண்டாம். பத்திரிகை கொடுப்பதோ கட்டுரைக்குச் சில நூறு டாலர், அதுவும் வெளியான பிறகு, அதுவும் நீங்கள் இரண்டு தடவை நினைவூட்டிய பிறகு.

அதனால் கணக்கிலிருந்து தொடங்குவோம். ஒரு பயணத்துக்கு ஒரு வேலை என்று போனால் கட்டுப்படியாகாது. போன முறை நான் ஐந்து நாள் போனபோது பையில் இருந்த வேலைகள்: ஒரு செய்திக் கட்டுரை, வானொலிக்கு எட்டு நிமிட ஒலிச்சித்திரம், சுகாதார அமைப்பு ஒன்றின் துண்டறிக்கைக்குப் படங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு மதியம் ஒலிப்பதிவுப் பயிற்சி. இதற்கு முன்னால் வெளிநாட்டு டிவி குழுவுக்கு வழிகாட்டியாகப் போயிருக்கிறேன், ஊர் நிர்வாகத்தின் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து கொடுத்திருக்கிறேன், மானிய விண்ணப்பம்கூட எழுதியிருக்கிறேன். பயணச் செலவை யார் தலையில் போடுவது என்பதைக் கிளம்பும் முன்பே எல்லோரிடமும் சொல்லிப் பிரித்துவிடுங்கள், பிறகு பேசினால் சண்டைதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். எந்த ஊரின் தலைவரான சீஃப்புக்கும் அவருடைய கவுன்சிலுக்கும் ஆண்டறிக்கை எழுதிக் காசு வாங்குகிறீர்களோ, அந்த ஊர் நிர்வாகத்தைப் பற்றிச் செய்தி எழுதாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் எடிட்டரிடம் முதல் மெயிலிலேயே சொல்லிவிடுங்கள். எண்ணூறு பேர் இருக்கும் ஊரில் உங்களுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்பது நீங்கள் விமானத்தில் ஏறும் முன்பே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கிளம்பும் முன்

வரைபடத்தை ஒரு தரம் உட்கார்ந்து பாருங்கள். வட ஒன்டாரியோவில் நிஷ்னாபே ஆஸ்கி நேஷன் என்ற கூட்டமைப்பில் மட்டும் 49 பூர்வகுடி ஊர்கள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டு முழுக்க ஓடும் சாலை கிடையாது. ஏரிகளும் ஆறுகளும் உறைந்த பிறகு, ஏறக்குறைய ஜனவரி முதல் மார்ச் வரை, பனிச்சாலை போடுவார்கள். டீசல், மரம், வண்டி எல்லாம் அந்த நாட்களில்தான் போய்ச் சேர வேண்டும். இப்போது குளிர் முன்போல நிற்பதில்லை, சாலை திறக்கும் நாட்களும் குறைகின்றன. நுனாவுட் இன்னும் ஒரு படி மேலே: 1999 ஏப்ரல் 1 அன்று பிறந்த அந்த ஆட்சிப்பகுதியில் 25 ஊர்கள், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலையே இல்லை. இரண்டு இடத்தையும் 'வடக்கு' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள். ஒன்டாரியோவின் வடக்கில் இருப்பவர்கள் கிரீ, ஓஜி-கிரீ, அனிஷினாபே மக்கள், அங்கே அரசோடு செய்த ஒப்பந்தம் 9 என்று 1905-இல் தொடங்கிய ஒரு வரலாறு ஓடுகிறது. நுனாவுட்டில் இருப்பவர்கள் இனுயிட் மக்கள். மொழி வேறு, சாப்பாடு வேறு, மரியாதை காட்டும் முறையும் வேறு.

அடுத்து போன். ரிசர்வ் (பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலம்) என்றால் அதன் நிர்வாக அலுவலகமான பேண்ட் ஆபீஸுக்கு, நுனாவுட் என்றால் ஹேம்லெட் என்ற ஊராட்சியின் அலுவலகத்துக்கு. மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். போனில் யார், எதற்கு, எத்தனை நாள், யாருக்காக எழுதுகிறீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். அனுமதி சட்டப்படி தேவையா என்று ஆராயாதீர்கள், ஒருவர் வீட்டு முற்றத்தில் சொல்லாமல் போய் நிற்பீர்களா என்ன? அப்புறம் எந்தத் தேதியில் வரக்கூடாது என்றும் கேட்டுவையுங்கள். வசந்தத்தில் வாத்து வேட்டைக்காகப் பல கிரீ ஊர்களில் பள்ளிக்கே விடுமுறை விடுவார்கள், நீங்கள் போய் இறங்கினால் பேட்டி கொடுக்க ஆள் இருக்காது, எல்லோரும் காட்டில் முகாமில் இருப்பார்கள். ஊரில் ஒருவர் இறந்துவிட்டாலும் அப்படித்தான்: அலுவலகம் மூடிவிடும், கூட்டம் தள்ளிப்போகும். அந்த நேரத்தில் பேட்டி எப்போது என்று கேட்கிற ஆளாக நீங்கள் இருக்காதீர்கள். சமையல் நடக்கும் இடத்துக்குப் போய் நாற்காலி எடுத்துப் போடுங்கள், தேநீர் ஊற்றுங்கள்.

ஹோட்டலைப் பற்றி ஒரு வார்த்தை. நுனாவுட்டின் சின்ன ஊர்களில் அறைக்கு வாடகை என்று இல்லாமல் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் இடங்கள் உண்டு, பக்கத்துக் கட்டிலில் முன்பின் தெரியாத ஒரு மின்பணியாளர் குறட்டை விடலாம். என் சிறந்த இரண்டு கட்டுரைகள் அப்படிப்பட்ட அறைத் தோழர்களிடமிருந்து வந்தவை என்பதால் குறை சொல்ல மாட்டேன்.

மூட்டை கட்டுதல்

திரும்பும் தேதிக்கு மேல் இரண்டு மூன்று நாளுக்கு மருந்து, சாப்பாடு, உள்ளாடை. மூடுபனியோ பனிக்காற்றோ வந்தால் விமானம் வராது, யாரிடம் கோபப்பட்டும் பயனில்லை. கடைகளில் விலை கண்ணைக் கட்டும், அதுவும் ஊர்க்காரர்களுக்காக மானியத்தோடு வரும் சரக்கு. அதை நீங்கள் அள்ளிக்கொண்டு போகாமல் அரிசி, பருப்பு, தேநீர்த்தூள் கொண்டுபோங்கள். ஒரு பெட்டி ஆரஞ்சும் கொண்டுபோங்கள், தங்கும் வீட்டில் கொடுக்க. சில ஊர்களில் மதுவுக்குத் தடை உண்டு, இறங்கியதும் பையைச் சோதிக்கும் இடங்களும் உண்டு. அதனால் தண்டர் பே நண்பர் அன்பாகக் கொடுத்த பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சரி, கேமராவுக்கு வருவோம். எந்தக் கேமரா என்பது முக்கியமே கிடையாது, பேட்டரியை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். மைனஸ் 35-இல் முழுதாக ஏற்றிய பேட்டரி பத்துப் படத்தில் செத்த மாதிரி நடிக்கும். பார்க்கா என்ற தடித்த குளிர்க்கோட்டுக்கு உள்ளே, நெஞ்சோடு ஒட்டிய பையில் இரண்டை வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள், சூடானதும் உயிர் வந்துவிடும். பேனா மை உறையும், பென்சில் உறையாது. எல்லாவற்றையும் விட மோசம் வெளியிலிருந்து உள்ளே வரும் நொடி. என் முதல் குளிர்காலத்தில் சமுதாயக் கூடத்தில் ஒரு விருந்து, உள்ளே முந்நூறு பேர், கடமான் இறைச்சிக் கஞ்சியின் ஆவி. நான் வாசலில் இருந்து அப்படியே கேமராவோடு நுழைந்தேன். லென்ஸ் முழுக்கத் தண்ணீர் கோத்து, துடைக்கத் துடைக்க மறுபடி கோத்து, அரைமணி நேரம் ஒரு படமும் இல்லை, பெரியவர்களின் முதல் நடனம் அதற்குள் முடிந்திருந்தது. கதவைத் திறக்கும் முன், வெளியிலேயே, கேமராவை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கி மூடுங்கள். உள்ளே வந்து அரைமணி நேரம் கழித்துத் திறங்கள். அந்த அரைமணி நேரம் சாப்பிடுங்கள்.

பேச்சும் மௌனமும்

நுனாவுட்டில் ராங்கின் இன்லெட்டில் ஒரு வேட்டைக்காரரை நாற்பது நிமிடம் பேட்டி எடுத்தேன். நல்ல பேட்டி என்று மகிழ்ந்து திரும்பி வந்து ஒலிப்பதிவைக் கேட்டால் பாதி இடத்தில் என் கேள்வி மட்டும் இருக்கிறது, பதிலைக் காணோம். அவர் பதில் சொல்லியிருந்தார்: இனுயிட் மக்கள் புருவத்தை உயர்த்தினால் ஆமாம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. ஒலிவாங்கிக்குப் புருவம் கேட்காதே. ஆமாமா இல்லையா என்று முடியும் கேள்விகளை விட்டுவிட்டு, 'அன்றைக்குக் காலையில் என்ன நடந்தது' என்கிற மாதிரி கேளுங்கள். கேட்டபின் வாயை மூடிக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று நொடி மௌனம் என்றாலே கை பரபரக்கும், அடுத்த கேள்வியைத் தள்ளிவிடுவோம். அங்கே பெரியவர் ஒருவர் யோசித்துப் பேசத் தொடங்க அரை நிமிடம்கூட ஆகலாம், அதற்குள் குறுக்கே விழுந்தால் அவர் மரியாதைக்காக நிறுத்திவிடுவார், பிறகு அந்தப் பேச்சு வராது.

அனிஷினாபே, கிரீ பெரியவர்களிடம் அறிவு கேட்டுப் போகும்போது புகையிலை கொடுத்துக் கேட்பது வழக்கம். நம் ஊரில் வெற்றிலை பாக்கோடு போய்க் கேட்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். இனுயிட் பெரியவரிடம் அதையே செய்யாதீர்கள், அவர்களுக்கு அந்த வழக்கம் இல்லை. எந்த வீட்டில் எது வழக்கம் என்று போனில் பேசியவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். மொழிபெயர்ப்பவருக்குக் காசு கொடுங்கள், 'உதவி' என்று சொல்லி ஏமாற்றாதீர்கள். பட்ஜெட்டில் அதற்கு ஒரு வரி வேண்டும்.

எழுத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடை வாசலிலும் தேவாலயத்திலும் முக்கோணமும் கொக்கியுமாக ஓர் எழுத்து தெரியும். ஒவ்வொரு மெய்க்கும் ஒரு வடிவம், அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதுதான் உயிர். நாம் காலும் கொம்பும் போடுகிறோம், அவர்கள் எழுத்தையே சுழற்றி வைக்கிறார்கள். 1840 வாக்கில் கனடாவின் நார்வே ஹவுஸ் என்ற ஊரில் ஜேம்ஸ் எவன்ஸ் என்ற பாதிரியார் கிரீ மொழிக்காக அச்சேற்றியது என்பது புத்தகக் கணக்கு. அது தங்களிடம் முன்பே வந்து சேர்ந்தது என்று சொல்லும் கிரீ வழக்கும் உண்டு. உயிர்மெய் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்தத் தர்க்கம் ஒரே மாலையில் பிடிபட்டுவிடும், பெயர்ப்பலகையைத் தட்டுத்தடுமாறி வாசித்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள், அங்கிருந்து பேச்சு தொடங்கும்.

பெயர்களைச் சரிபாருங்கள், எழுதிக் காட்டிச் சரிபாருங்கள். அரசு 1940-களில் இனுயிட் மக்களுக்குப் பெயருக்குப் பதிலாக எண் பொறித்த வில்லைகளைக் கொடுத்தது. அதை மாற்றிக் குடும்பப் பெயர் பதியும் திட்டம் பிறகு வந்தது, ஏப் ஓக்பிக் என்ற இனுயிட் மனிதர் ஊர் ஊராகப் போய் அந்த வேலையைச் செய்தார். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு மாதிரி, தம்பி ஒரு மாதிரி எழுத்துக்கூட்டுவதைப் பார்ப்பீர்கள். எண்ணாக இருந்தவர்களின் பெயரை நீங்களும் தப்பாக அச்சிடாதீர்கள்.

எதை எழுதுவது

அனிஷினாபே செய்தியாளர் டங்கன் மெக்யூ ஒன்றைச் சொல்லியிருக்கிறார்: பூர்வகுடி மனிதர் செய்தியில் வர வேண்டுமானால் மேளம் அடிக்க வேண்டும், ஆட வேண்டும், குடித்திருக்க வேண்டும், அல்லது செத்திருக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் அவரிடம் சொன்னாராம். போராளி என்பதை மெக்யூ தானே சேர்த்துக்கொண்டார். உங்கள் கட்டுரை இந்த ஐந்தில் ஒன்றா என்று அனுப்பும் முன் பாருங்கள். ஒன்று என்றாலும் எழுதலாம், ஆனால் அதே பயணத்தில் வேறு ஒன்றையும் எழுதுங்கள்: ஹாக்கிப் போட்டி, பனிச்சாலை போடுகிறவர்களின் இரவு வேலை, ஊர் வானொலியில் நடக்கும் பிங்கோ.

வட ஒன்டாரியோவில் நெஸ்கண்டகா என்ற ஊரில் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்ற எச்சரிக்கை 1995-இல் போட்டது, 30 ஆண்டைத் தாண்டிவிட்டது. 2020 அக்டோபரில் தண்ணீர்த் தொட்டியில் எண்ணெய்ப் படலம் தெரிந்ததும் ஊரையே தண்டர் பே ஹோட்டல்களுக்குக் கொண்டுவந்தார்கள். வசந்த வெள்ளத்துக்குப் பயந்து கஷேசெவான் என்ற ஊரின் மக்களும் இப்படி அடிக்கடி ஊரைவிட்டு வெளியேற்றப்படுகிறார்கள். செய்தி உங்கள் தெருவுக்கே வந்துவிட்டது என்று ஹோட்டல் வரவேற்பறையில் மைக்கை நீட்டாதீர்கள். அவர்கள் அங்கே வீடில்லாமல் நிற்கிறார்கள், பிள்ளை அழுகிறது, இருபது பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பேட்டி வேண்டும் என்றால் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி, நாளைக்கு வாருங்கள்.

பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துவைத்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி அங்கே படித்தவரிடம் பேச நேர்ந்தால் இன்னும் நிதானம் தேவை. அந்தப் பள்ளிகளை விசாரித்த உண்மை நல்லிணக்க ஆணையம் 2015-இல் வைத்த 94 பரிந்துரைகளில் 84 முதல் 86 வரை ஊடகத்துக்கானவை, போகும் முன் படித்துவிடுங்கள். பேட்டியை எங்கே நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். கடைசிக் கேள்வி இன்றைய வாழ்க்கையைப் பற்றியதாக இருக்கட்டும், பேரப்பிள்ளைகளோ மீன்வலையோ எதுவானாலும் சரி. பேசி முடித்த அன்றே விமானம் ஏறாதீர்கள், மறுநாள் போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இப்போது என் தழும்பு ஒன்று. பல வருடத்துக்கு முன் வீட்டு வசதி பற்றி ஒரு கட்டுரை எழுதினேன், ஊரில் மூன்று குடும்பங்கள் வீட்டுக்குள் விட்டுக் காட்டினார்கள். தெற்கே இருந்த ஓர் எடிட்டர் என்னிடம் கேட்காமலே அதற்கு 'நம் கொல்லைப்புறத்தில் ஒரு மூன்றாம் உலகம்' என்கிற மாதிரி தலைப்புப் போட்டார். அந்த மூன்றாம் உலகத்தில் பிறந்து வளர்ந்தவன் நான், என் பெயர் அதற்குக் கீழே. ஊரில் ஓர் அம்மா போனில், 'உன்னைத்தான் உள்ளே விட்டோம், அவரை விடவில்லையே' என்றார். ஒன்றரை வருடம் அந்த ஊரில் யாரும் எனக்குத் திரும்பப் பேசவில்லை. தலைப்பையும் படக்குறிப்பையும் அச்சுக்கு முன் எனக்குக் காட்ட வேண்டும் என்ற வரி அன்றிலிருந்து என் எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கிறது. இரண்டு பேர் அதற்காகவே வேலை கொடுக்க மறுத்தார்கள், போகட்டும்.

உள்ளூர் ஊடகத்தையும் மறக்காதீர்கள். வட ஒன்டாரியோவின் சூ லுக்அவுட்டில் வாவாட்டே என்ற பூர்வகுடி ஊடக அமைப்பு 1974-இலிருந்து இருக்கிறது, நுனாவுட்டில் நுனாட்சியாக் நியூஸ் பத்திரிகை, நாடு முழுக்கப் பூர்வகுடிகளின் ஏபிடிஎன் தொலைக்காட்சி. நீங்கள் 'கண்டுபிடித்த' செய்தியை அவர்கள் பத்து வருடம் முன்பே எழுதியிருப்பார்கள். அங்கே எழுதினால் காசு குறைவாக இருக்கலாம், ஆனால் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர்களே படிப்பார்கள்.

வெளியானதும் அச்சுப் பிரதி, புகைப்படப் பிரிண்ட் இரண்டையும் ஊருக்கு அனுப்புங்கள். இணைப்பு மட்டும் அனுப்பினால் போதாது, பெரியவர்களுக்குக் கையில் பிடிக்கிற படம் வேண்டும். அந்த ஊருக்குக் கிளம்பும் விமானத்தில் யாராவது ஊர்க்காரர் போனால் அவரிடம் கொடுத்துவிடுவேன், தபாலை விட வேகம். கவரின் மேல் முழுப்பெயரோடு யாருடைய மகள், எந்த வீடு என்பதையும் பெரிதாக எழுதுங்கள், பாதி ஊருக்கு ஒரே குடும்பப் பெயர்.