துத்தநாகம் கலந்த உயிர்வினைக் கண்ணாடியை எலும்புச் செல்களில் சோதிக்கும் முறை

1969-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லாரி ஹென்ச் உருவாக்கிய 45எஸ்5 என்னும் உயிர்வினைக் கண்ணாடியில், அதாவது எலும்புடன் பிணையக்கூடிய கண்ணாடியில், எடை அளவில் சிலிக்கா 45 சதவீதமும், சோடியம் ஆக்சைடு, கால்சியம் ஆக்சைடு ஆகியவை தலா 24.5 சதவீதமும், பாஸ்பரஸ் பென்டாக்சைடு 6 சதவீதமும் உள்ளன. இதில் கால்சியம் ஆக்சைடின் ஒரு பகுதிக்குப் பதிலாகத் துத்தநாக ஆக்சைடைச் சேர்க்கலாம். சிறிதளவு துத்தநாகம் எலும்பாக்கும் செல்களைத் தூண்டும். அளவு மிஞ்சினால் அதுவே அவற்றைக் கொல்லும். ஆகவே, துத்தநாகமே இல்லாத கலவையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக அளவு கூடும் ஒரு வரிசையைத் தயாரிக்க வேண்டும்.

கிருமி நீக்கிய கண்ணாடித் தூளைச் செல் வளர்ப்பு ஊடகத்தில் 37 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் ஊறவைத்து, வடிகட்டி, கிடைக்கும் சாற்றைப் பல செறிவுகளில் நீர்த்துக்கொள்ளவும். அமில காரத் தன்மைக்கேற்ப நிறம் மாறும் பீனால் சிவப்புச் சாயம் சேர்ந்த ஊடகம் அடர் இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் காரத்தன்மை ஏறிவிட்டது என்று பொருள். அந்நிலையில் செல்கள் இறந்தால், பழி துத்தநாகத்துடையதா காரத்துடையதா என்று பிரித்தறிய இயலாது. பலரும் கவனியாமல் விடும் இடம் இதுவே. தூளை முன்கூட்டியே ஊடகத்தில் ஊறவைத்து அந்த நீரை நீக்குவதும், சாற்றின் பிஎச் அளவையும் துத்தநாகச் செறிவையும் அளந்து பதிவதும் இன்றியமையாதவை.

பின்னர் எம்ஜி-63 (மனித எலும்புப் புற்றிலிருந்து பெற்ற செல்வகை) போன்ற எலும்புச் செல்களைச் சாற்றில் வளர்த்து, உயிருள்ள செல்கள் சாயத்தின் நிறத்தை மாற்றுவதை அளக்கும் எம்டிடி சோதனையால் உயிர்ப்பை அளவிடவும். மருத்துவச் சாதனங்களின் செல் நச்சுத்தன்மையைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 10993-5 தரநிலைப்படி, உயிர்ப்பு 70 சதவீதத்திற்குக் கீழே இறங்கினால் அது நச்சுத்தன்மையின் அறிகுறியாகும். உயிர்ப்பு மட்டும் போதாது. எலும்பாக்கத்தில் பங்குபெறும் ஆல்கலைன் பாஸ்படேஸ் நொதியின் செயற்பாட்டையும் அளந்தால்தான் செல்கள் எலும்பாக்கத்தை நோக்கி முதிர்கின்றனவா என்பது தெரியும். துத்தநாகம் கண்ணாடியின் கரைதலையும் அதன் மேல் அப்படைட் (எலும்பின் கனிமத்தை ஒத்த கால்சியம் பாஸ்பேட்) படலம் உருவாவதையும் தாமதப்படுத்தக்கூடும் என்பதால், அதே மாதிரிகளை உடல்திரவத்தை ஒத்த கரைசலிலும் இட்டுப் பார்க்க வேண்டும்.