வாக்குத்தத்த வசனமும் நாம் செய்யும் தவறுகளும்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் கூட்டம் முண்டியடிப்பது வாக்குத்தத்த அட்டைக்குத்தான், அதாவது புது வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட அட்டைக்கு. தட்டில் கவிழ்த்து வைத்திருப்பதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்ப்போம், "உனக்கு என்ன வந்திருக்கு?" என்று பக்கத்தில் நிற்பவருடையதையும் எட்டிப் பார்ப்போம். பிடிக்காத அட்டையை மெல்லத் திரும்ப வைத்துவிட்டு வேறொன்றை எடுப்பவர்களும் உண்டு. அட்டை எடுப்பதில் பாவம் ஒன்றுமில்லை. வேதத்தைத் திறக்கவே திறக்காத வீட்டிலும் அதனால் ஒரு வசனம் சுவரில் தொங்கும். ஆனால் அதை அந்த வருடத்துக்கான ராசிபலன்போல வாசிக்க ஆரம்பித்தால் சிக்கல்தான். மார்ச்சில் வேலை போய்விட்டால், வாக்குத்தத்தம் பொய்யா, இல்லை என் விசுவாசம்தான் குறைவா என்று மனம் அலைபாயும்.

அதிகம் அச்சாகிற வசனங்களில் ஒன்றான எரேமியா 29:11ஐ எடுத்துக்கொள்வோம். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று வரும். இது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பிய கடிதத்தின் ஒரு வரி. அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. அதைத்தான் யாரும் அட்டையில் போடுவதில்லை. அதே கடிதத்தில், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்றும் சொல்லியிருக்கிறது. அதற்கு முந்தின அதிகாரத்துக்குப் போனால், எல்லாம் இரண்டே வருஷத்தில் சரியாகிவிடும் என்று சொன்ன அனனியாவைப் பார்க்கலாம். கேட்க இனிமையாயிருந்தது அவன் சொன்னதுதான். அவனைப் பொய்த்தீர்க்கதரிசி என்கிறது வேதம். நம்மில் பலர் கையில் எரேமியாவின் வசனத்தை வைத்துக்கொண்டு மனதில் அனனியாவின் கணக்கைப் போடுகிறோம்.

பிலிப்பியர் 4:13ம் அப்படித்தான். பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் ஜியாமெட்ரி பாக்ஸில் "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று ஒட்டிக் கொடுக்கிறோம். பவுல் அதை எழுதும்போது காவலில் இருந்தார். முந்தின வசனத்தில் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். அடுத்த வசனத்திலேயே, என் உபத்திரவத்தில் நீங்கள் என்னோடே உடன்பட்டது நலமாயிருக்கிறது என்று உதவி அனுப்பியவர்களைப் பாராட்டுகிறார். அந்தப் பெலத்துக்குப் பசியைத் தாங்கவும் தெரியும், எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்த உதவியைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொள்ளவும் தெரியும். மார்க் குறைந்த பிள்ளைக்கு இந்த மூன்று வசனத்தையும் சேர்த்து வாசித்துக் காட்டுங்கள்.

இதைத் தவிர்க்கப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டாம். அட்டையோ காலண்டரோ வாட்ஸ்அப்போ, எதில் வந்த வசனமானாலும் வேதத்தைத் திறந்து அதற்கு முன்னும் பின்னும் பத்து வசனம் வாசியுங்கள். யார், யாருக்கு, எந்த நிலையில் சொன்னது என்று ஒரு வரி எழுதி வையுங்கள். பிறகு, அவர்களுக்கு அன்றைக்கு அது என்ன ஆறுதல் தந்தது என்று கேளுங்கள். எனக்கு என்ன என்ற கேள்வி அதற்கப்புறம்தான். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. வந்த வசனத்தை வாசிக்காமலே நான்கு குரூப்புக்குத் தள்ளிவிடும் பழக்கமும் இதில் தானாகக் குறையும்.

ஜனவரி வேகம் லேவியராகமத்தில் நிற்பது

வேதத்தில் 1189 அதிகாரம். கிழமை நாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். கணக்கு சரிதான். ஆனால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 என்று முடித்து ஜனவரி கடைசியில் லேவியராகமத்துக்குள் நுழைகிறபோது பலருக்கு வண்டி நின்றுவிடுகிறது. பலிகளும் குஷ்டரோகச் சட்டங்களும் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் பாக்கி. நான்கு நாள் காய்ச்சலில் விட்டால் பன்னிரண்டு அதிகாரம் சேர்ந்துவிடும். அதைப் பார்த்தே மலைத்துப்போய் மொத்தமாக விட்டுவிடுகிறோம்.

முதல்முறை தொடங்குகிறவர்கள் மாற்கு சுவிசேஷத்தை எடுக்கலாம். பதினாறு அதிகாரம், நாளுக்கு ஒன்று. பெரும்பாலான அதிகாரங்கள் ஐந்தாறு நிமிடத்தில் முடியும். அடுத்து பிலிப்பியர், நான்கு நாள். விட்ட நாளை எண்ணவே வேண்டாம். திரும்பி வருகிற நாளில் எந்த இடத்தில் நிறுத்தினீர்களோ அங்கிருந்து வாசியுங்கள். தேதி போட்ட அட்டவணையைவிட, வேதத்துக்குள் வைத்த ஒரு நூல் நாடா போதும்.

குடும்ப ஜெபம் விசாரணை ஆகும்போது

"ஆண்டவரே, இவன் ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் ஃபோனை நோண்டுறான், நீர்தான் இவனுக்குப் புத்தி தரணும்." கண்ணை மூடியிருக்கிற பையனுக்கு இது யாரிடம் பேசுகிற பேச்சு என்று நன்றாகத் தெரியும். மாமியார் மருமகள் விஷயமும் சில வீடுகளில் இப்படித்தான் ஜெபத்தின் வழியாகப் போய்ச் சேரும். கண்டிக்க வேண்டியதை முகம் பார்த்து, ஜெபத்துக்கு வெளியே சொல்லுங்கள். ஒரு பாட்டு, பத்து வசனம், ஒவ்வொருவரும் அன்றைக்கு நன்றி சொல்ல ஒன்று, பாரமாக இருப்பது ஒன்று. பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் 176 வசனமுள்ள 119ஆம் சங்கீதத்தை ஒரே மூச்சில் வாசிக்காதிருப்பது நலம்.

ஆஸ்பத்திரியில்

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் உடனே திறப்பது 91ஆம் சங்கீதம். அதன் 7ஆம் வசனம், உன் பக்கத்தில் ஆயிரம்பேர் விழுந்தாலும் அது உன்னை அணுகாது என்கிறது. அரசு மருத்துவமனையின் பொது வார்டில், அடுத்த கட்டிலில் மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவரின் மனைவி அதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பார். அதே சங்கீதத்தின் 11, 12ஆம் வசனங்களைத்தான் தேவாலயத்து உப்பரிகையில் பிசாசு இயேசுவிடம் எடுத்துச் சொன்னான் என்பதையும் நினைவில் வைப்பது நல்லது. வசனம் உண்மைதான், சொல்கிற இடமும் நோக்கமும் அதைப் புரட்டிவிடும். 23ஆம் சங்கீதம் ஆறே வசனம், 121ஆம் சங்கீதம் எட்டு. தாழ்ந்த குரலில் ஒன்றை வாசித்து, சின்ன ஜெபம் செய்து, பத்து நிமிடத்தில் கிளம்புங்கள். போகும் முன் ஃபோனில் கேளுங்கள். கட்டிலில் உட்காராதீர்கள். வராண்டாவில் காத்திருக்கும் துணையாளருக்கு மத்தியானச் சாப்பாடு ஆயிற்றா என்று விசாரியுங்கள்.

"விசுவாசமிருந்தால் மாத்திரை எதற்கு?" என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று பவுல் அழைக்கிறார்; தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு அன்றைய வழக்கப்படி கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்; தன் மாம்சத்தில் முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்க மூன்று தரம் வேண்டியும் அது நீங்கவில்லை. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தினவருக்கு மறுபடியும் வலிப்போ பிரஷரோ வந்தால், நிறுத்தச் சொன்னவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

உபவாச ஜெபத்திலும் இதே கவனம் வேண்டும். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் வந்தால் அதை ஆவியின் அசைவு என்று நினைத்துவிட வேண்டாம். அளவு 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிடுங்கள். லெந்து (தவக்காலம்) தொடங்கும் முன்பே டாக்டரிடம் கேட்டுவிடுவதுதான் முறை. உபவாசம் முடியாதவர்களுக்கு ஏசாயா 58 இருக்கிறது; பசியுள்ளவனோடு ஆகாரத்தைப் பகிர்வதையே அது உபவாசம் என்கிறது.

மனச்சோர்வை விசுவாசக் குறைவு என்பது

எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டான். தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவன் சாப்பிட்டுத் திரும்பப் படுத்தபோதும் கடிந்துகொள்ளாமல், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். 88ஆம் சங்கீதமோ கடைசி வசனம் வரை விடியாமலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தாலோ, செத்துப்போனால் தேவலை என்று யாராவது சொன்னாலோ, ஜெபிப்பதோடு மனநல மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். சாவைப் பற்றிப் பேசுகிறவரைத் தனியே விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

துக்க வீட்டில்

யோபுவின் சிநேகிதர் ஏழுநாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே சரியானது அதுதான். வாயைத் திறந்தபிறகுதான் எல்லாம் கெட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "சகலமும் நன்மைக்கு ஏதுவாக" என்று ரோமர் 8:28ஐச் சொல்பவர், இரண்டு வசனம் முன்னால், ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல்செய்கிறார் என்று இருப்பதைத் தாண்டிப் போய்விடுகிறார். ஆண்டவருக்கு நல்ல பூ தேவைப்பட்டது, பறித்துக்கொண்டார் என்ற பேச்சும் வேண்டாம். அப்படி வேதத்தில் எங்கும் இல்லை.

பேசுவதைவிடச் செய்ய நிறைய இருக்கிறது. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவுசெய்ய வேண்டும், வாரிசுச் சான்றிதழுக்கு அலைய வேண்டும், வங்கிக் கணக்கு, குடும்ப அட்டை என்று காகித வேலை நீளும். ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி உடன் போய் வாருங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். "வியாழக்கிழமை சாப்பாடு நாங்க கொண்டுவர்றோம், எத்தனை பேர் இருப்பீங்க?" என்று கேட்டால் பதில் வரும். சொந்தக்காரர் எல்லாம் ஊர் திரும்பிய மூன்றாவது வாரத்தில்தான் வீடு வெறிச்சோடும், அப்போது போங்கள். இறந்தவருடைய பிறந்தநாளையும் கல்யாண நாளையும் ஃபோன் காலண்டரில் குறித்து வைத்து, அன்றைக்குக் கூப்பிட்டு அவர் பெயரைச் சொல்லியே பேசுங்கள். பெயரை எடுத்தால் அழுதுவிடுவார்களே என்று நாம் தயங்குகிறோம். அழுதால் அழட்டும், ஃபோனை வைத்துவிடாதீர்கள்.