கடற்காற்றில் ஸ்பீக்கர் பெட்டி வீங்காமல் இருக்க

திருகோணமலையில் வீட்டிலேயே தரமான ஸ்பீக்கர் செய்பவர்கள் ட்ரைவருக்கும் (ஒலி எழுப்பும் கூம்புப் பகுதி) கிராஸ்ஓவருக்கும் (ஒலியை உயர்ந்தது, தாழ்ந்தது எனப் பிரித்தனுப்பும் சுற்று) தாராளமாகச் செலவழிக்கிறார்கள். எம்டிஎஃப் பலகையின் வெட்டு விளிம்பை மறந்துவிடுகிறார்கள். உப்புவெளியில் நான் முதலில் செய்த சோடி ஒரே மாரியில் மூலைகள் வீங்கி, பொருத்துகள் விட்டுப்போயின. அவ்வளவு கவலையாக இருந்தது.

எம்டிஎஃப் மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்வது. அதன் முகப்பு ஓரளவு ஈரத்தைத் தாங்கும். வெட்டிய விளிம்போ பஞ்சு மாதிரி உறிஞ்சும். அதனால் பெட்டியை ஒட்டி முடித்ததும் விளிம்புகளுக்கு ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) அல்லது எண்ணெய் பிரைமர் இரண்டு தடவை பூசுங்கள், நடுவில் ஒருமுறை சாண்ட்பேப்பரால் தேய்த்து. ஒட்டுவதற்கு முன் பூச வேண்டாம், பசை பிடிக்காது. தண்ணீர் கலந்த பெயின்ட்டை நேரே பூசினாலும் நார் எழும்பிவிடும். ட்ரைவருக்கு வெட்டிய வட்டத்தின் உள்விளிம்பையும் விடாதீர்கள். ஸ்குரூ பிடிப்பது அதை ஒட்டித்தான். கையில் காசு இருந்தால் ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் இன்னும் நல்லது.

அப்புறம் காற்றுக் கசிவு. மூடிய பெட்டி (காற்றுத் துளை வைக்காதது) என்றால் வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கான பெரிய ட்ரைவரின் கூம்பை விரல்களால் சமமாக, மெதுவாக அழுத்தி விடுங்கள். அது தயங்கித் திரும்பினால் பெட்டி இறுக்கம். சட்டென்று திரும்பினால் எங்கோ கசிகிறது, பேஸ் (தாழ்ந்த ஒலி) மெலியும். 30 ஹெர்ட்ஸ் ஒலியைச் சன்னமாகப் போட்டு, ஊதுபத்தியைப் பொருத்துகளின் ஓரமாகக் கொண்டுபோங்கள். புகை நடுங்கும் இடத்தில் உள்ளிருந்து சிலிக்கன் தடவினால் சரி.