லண்டனில் வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கத் தொடங்குவோருக்கு

ஹாரோவில் என் வீட்டு முன்னறையில்தான் பிள்ளைகளைப் பார்க்கிறேன். தொடங்குகிறவர்கள் முதலில் எண்ணிக்கையை மனதில் வையுங்கோ. இங்கிலாந்தில் ஒரே நேரத்தில் 8 வயதுக்குட்பட்ட 6 பேர் வரைதான். பொதுவாக அதில் 5 வயதுக்குட்பட்டவர்கள் 3, ஒரு வயதாகாத குழந்தை ஒன்று. சொந்தப் பிள்ளையும் இந்தக் கணக்கில் சேரும். 12 மணிநேர முதலுதவிப் பயிற்சி வேணும், 3 வருசத்துக்கு ஒருக்கால் புதுப்பிக்கவும் வேணும். வீட்டில் 16 வயது நிரம்பிய எல்லோருக்கும் பின்னணிச் சோதனை நடக்கும்.

சாப்பாட்டு நேரத்தில்தான் எனக்கு நெஞ்சு பதறும். திராட்சையை நெடுக்காக நான்காய் வெட்டித்தான் கொடுப்பேன். பிள்ளை சாப்பிடும்போது எதிரே இருந்து முகத்தைப் பாருங்கோ. தொண்டையில் அடைத்தால் சத்தமே வராமல் போகலாம்.

முதல் கிழமை தாயையும் கொஞ்ச நேரம் கூட இருக்கச் சொல்லுவேன். ஒரு பொடியன் மூன்று நாள் கதவையே பார்த்து அழுதான். அம்மாவின் பழைய சால்வையைக் கையில் கொடுத்தபிறகுதான் அடங்கினான். அதிலிருந்து எல்லாத் தாய்மாரிடமும் ஒரு துணி கேட்டு வாங்குகிறேன். நித்திரையானதும் அதை எடுத்துவிடுவேன்.

காசு விசயம் முதல் நாளே எழுத்தில் இருக்கட்டும். விழுந்த காயம் சின்னதென்றாலும் கொப்பியில் எழுதி, அன்றைக்கே பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கோ.