பாக்டீரியாவின் வெளிச்சவ்வு வெசிக்கிளைப் பிரித்தெடுப்பது எப்படி?

பினாங்கில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் வெளிச்சவ்வு மொட்டுவிட்டு உதிர்க்கும், சுமார் 20 முதல் 250 நானோமீட்டர் அளவுள்ள குமிழ்கள்தான் வெசிக்கிள். மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் பி பாக்டீரியாவுக்கான பெக்ஸெரோ தடுப்பூசியிலும் இந்த வகைக் குமிழ் இருக்கிறது.

இரவு முழுக்க பாக்டீரியா வளர்த்த திரவத்தை மையவிலக்கியில் 10,000 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல 10,000 மடங்கு விசையில்) சுற்றி, மேலே தெளிந்ததை மட்டும் 0.22 மைக்ரான் வடிகட்டியில் மெதுவாக விடுங்கள், அடைத்துக்கொண்டால் அழுத்தாமல் வேறு மாற்றுங்கள், கிழிந்து செல் உள்ளே போனால் எல்லாம் வீண். வடிந்ததில் ஒரு சொட்டை அகார் தட்டில் தடவுங்கள். மறுநாள் ஒரு புள்ளிகூட முளைக்கக்கூடாது, முளைத்தால் உயிருள்ள செல் கலந்திருக்கிறது என்று பொருள்.

அப்புறம் வடிந்ததை 1,50,000 ஜி-யில், 4 டிகிரி செல்சியஸில், 3 மணி நேரம் சுற்றுங்கள், வெசிக்கிள் அடியில் படியும். மையவிலக்கியில் எதிரே வைக்கும் குழாயின் எடையும் இதே அளவாக இருக்கட்டும். படிவு கண்ணாடிபோல இருக்கும் என்பதால் அது படியும் பக்கத்தில், குழாய்க்கு வெளியே, முன்கூட்டியே பேனாவால் கோடு போடுங்கள். நான் போடாமல் ஒரு வார உழைப்பைக் கொட்டிவிட்டேன். கடைசியில் மேலே உள்ள திரவத்தை ஊற்றிவிட்டு, அந்தக் கோட்டுப் பக்கம் பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) விட்டுப் படிவைக் கரையுங்கள்.