பாட்டியின் உழக்கை மில்லிலிட்டருக்கு மாற்றுவது எப்படி

எங்கள் வீட்டு முறுக்குக் கணக்கு: ஒரு படி அரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து. பாட்டி கொடுத்த பித்தளை உழக்கு இருக்கிறது, படி இல்லை. படியின் அளவு ஊருக்கு ஊர் மாறும் என்பதால் அட்டவணைகளை நம்பாமல் நானே அளந்துவிட்டேன்.

தண்ணீர் ஒரு மில்லிலிட்டர் ஏறக்குறைய ஒரு கிராம். காலி உழக்கை டிஜிட்டல் தராசில் வைத்தேன், 410 கிராம். தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றி, வெளிப்புற ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன், 750. அப்போ உழக்கு 340 மில்லி. உள்ளே நசுங்கல் இருந்தாலும் கவலையில்லை, அதையும் சேர்த்துத்தான் தண்ணீர் அளக்கும்.

மற்றது எல்லாம் இரட்டிப்புதான். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆக என் ஆழாக்கு 170 மில்லி, உரி 680, படி 1360. 250 மில்லி கப்பில் அரிசி ஐந்தரை கப், உளுந்து முக்கால் கப்புக்குக் கொஞ்சம் குறைவு.

தானியத்தைத் தலைதட்டி அளங்கள். கும்பாச்சியாக அளந்தால் இந்தக் கணக்கு உதவாது. அப்புறம், 340 மில்லி அரிசியை 340 கிராம் என்று எடுத்துவிடாதீர்கள். என் உழக்கில் பச்சரிசி 290 கிராம்தான் பிடிக்கிறது.